ஆறாவது டப்பால தான் தண்ணி தெளிஞ்சுது

மாமாவோட சாயப்பட்டறை சேலம் கொண்டலாம்பட்டி பக்கம். சின்னது தான். நாலு தொட்டி, ஒரு பாய்லர், சிட்டா நூலுக்கு (கண்டு கண்டா சுத்துன நூல்) சாயம் ஏத்தி தறிக்காரங்களுக்குக் குடுக்கறது. சாயம் போட்டு மிஞ்சுன தண்ணி பின்னாடி சிமெண்ட் தொட்டில நின்னு வெயில்ல காயணும், சித்திரை வைகாசில நல்லா காயும், ஐப்பசில மழை புடிச்சா காயறதுக்கு பதிலா தொட்டி ரொம்பும், அப்ப மாமா மூஞ்சிய பாக்க முடியாது. 2011-ல திருப்பூர்ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்னதுல இருந்து இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் அடிவயித்துல ஒரு பயம் உண்டு. சேர்வராயன் மலைல இருந்து வர்ற திருமணிமுத்தாறு சேலத்துக்குள்ள என்ன கலர்ல ஓடுதுன்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

என்கிட்ட எண்டர் 3-ன்னு ஒரு 3டி பிரிண்டர் இருக்கு, பிளாஸ்டிக்க உருக்கி அடுக்கடுக்கா பொருள் செய்யற மெஷின், அம்மாபேட்டை வீட்டு மொட்டை மாடி ஷெட்ல. அது வரைக்கும் போன் ஸ்டாண்டு, பிள்ளையார், கீசெயின்னு தான் அடிச்சிட்டு இருந்தேன். ரியாக்டர, அதாவது உள்ள ரியாக்ஷன் நடக்கற பாத்திரத்த, பிரிண்ட் பண்ணலாம்ங்கற ஐடியா என்னோடது இல்ல, 2012-லயே கிளாஸ்கோ யுனிவர்சிட்டில லீ க்ரோனின் டீம் பாத்ரூம்ல அடிக்கற சிலிகான் சீலண்ட்ட வெச்சு ரியாக்டர் பிரிண்ட் பண்ணிக் காமிச்சிருக்காங்க, அதுல பாத்திரமே ரியாக்ஷன்ல ஒரு பங்கு எடுத்துக்கும். அதப் படிச்சப்ப தான் நம்ம மாமா தொட்டி ஞாபகம் வந்துச்சு, அந்த சாயத்தண்ணிய தெளிய வெக்க ஒரு டப்பா அடிச்சா என்னன்னு தோணுச்சு.

எடுத்துக்கிட்ட முறை எலக்ட்ரோ கோயாகுலேஷன். பேரு தான் பெருசு, விஷயம் சிம்பிள். அலுமினியத் தகட தண்ணில நிக்க வெச்சு டிசி கரண்ட் குடுத்தா ப்ளஸ் பக்கத்துத் தகடு கொஞ்சம் கொஞ்சமா கரையும், கரைஞ்ச அலுமினியம் தண்ணில ஹைட்ராக்சைடா மாறி கொழகொழன்னு பஞ்சு மாதிரி திரளும், அந்தப் பஞ்சு சாயத்த இழுத்து வெச்சுக்கும். மைனஸ் பக்கம் ஹைட்ரஜன் குமிழ் வரும், அது பஞ்ச மேல தூக்கிட்டு வந்துரும், வழிச்சு எடுத்தா முடிஞ்சுது. சாயத்தண்ணில உப்பு ஏகத்துக்கு இருக்கறதால கரண்ட் சும்மா பிச்சுக்கிட்டு போகும், ரெண்டு ரெண்டரை வோல்ட் போதும். உப்புல இருக்கற குளோரைடு தகட்டு மேல படியற ஆக்சைடு தோல குத்திக் குத்தி உடைக்கவும் செய்யும். அதாவது தண்ணிய வெளிய விட முடியாம மாமா எத நெனச்சுத் தூக்கம் கெடறாரோ அந்த உப்பு தான் இங்க எனக்கு சப்போர்ட்டு.

கணக்கு ஃபாரடே விதி. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுனா 0.336 கிராம் அலுமினியம் கரையணும். எனக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வேணும், மணிக்கு 10 லிட்டர் தண்ணி விடறேன், ஆக மணிக்கு ஒரு கிராம், ஆக 3 ஆம்ப். எட்டுத் தகடு, ஒவ்வொண்ணும் 200 க்கு 60 மில்லிமீட்டர், நடுவுல 6 மில்லிமீட்டர் சந்து. தகடு செவ்வாய்பேட்டைல வெட்டுத்துண்டா வாங்குனேன், எடைக்கு. (இதே சேர்வராயன் மலைல வெட்டுன பாக்சைட் தான் ஒரு காலத்துல மேட்டூர் அலுமினிய ஃபேக்டரிக்குப் போச்சு, அந்த வகைல உள்ளூர் சரக்குன்னு மனச தேத்திக்கிட்டேன்.)

இனி டப்பா கதை.

முதல் டப்பா பிஎல்ஏங்கற பிளாஸ்டிக்ல. பதினோரு மணி நேரம் ஓடுன பிரிண்ட், நடுவுல ஒரு தடவ கரண்ட் போயி திரும்ப முதல்ல இருந்து. பாக்க நல்லா மினுமினுன்னு வந்துச்சு, அந்த சந்தோஷத்துல நேரா பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி தொட்டில இருந்து அப்பதான் எறக்குன சுடு தண்ணிய மொண்டு ஊத்திட்டேன். பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் வந்தாலே எளக ஆரம்பிச்சுரும்னு படிச்சிருக்கேன், தெரியும், ஆனா தெரிஞ்சது கைக்கு வரல. அடிப்பக்கம் தொப்பை விழுந்து, தகடு வெச்சிருந்த சீப்பு மாதிரி பல்லெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு, தகடு ரெண்டு ஒட்டிக்கிச்சு. அங்க வேல செய்யற அண்ணன் ஒருத்தரு "தம்பி, பணியாரக்கல் மாதிரி ஆயிருச்சு"ன்னாரு.

ரெண்டாவது பிஇடிஜி, வேற ஒரு பிளாஸ்டிக். இது 80 டிகிரி வரைக்கும் தாங்கும், தண்ணிய ஆறவிட்டு ஊத்துனா கவலையே இல்ல. ஆனா ஒழுகுச்சு. ஒழுகறதுன்னா ஓட்டை இல்ல, அடுக்குக்கு அடுக்கு நடுவுல வேர்க்கற மாதிரி. நான் டெஸ்ட் பண்ற விதம் என்னன்னா டப்பாவ பழைய பேப்பர் மேல வெச்சு நல்ல தண்ணி ரொப்பிட்டு ராத்திரி தூங்கப் போயிருவேன், காலைல பேப்பர்ல எங்க ஈரப்புள்ளி இருக்குன்னு பாத்து பேனால வட்டம் போடுவேன். முதல் நாள் பதினாலு வட்டம். சுவர நாலு பெரிமீட்டர் (நாலு சுத்து) ஆக்குனேன், பிளாஸ்டிக் உருகி வர்ற நாசிலோட சூட்ட பத்து டிகிரி ஏத்துனேன், பிளாஸ்டிக் வர்ற அளவ அஞ்சு பர்சென்ட் கூட்டுனேன், கூலிங் ஃபேன கொறச்சேன், ஃபிலமெண்ட்ட (பிரிண்டருக்குள்ள போற பிளாஸ்டிக் இழை) முதல்ல காய வெச்சேன். நம்ம ஊரு வெயில் தானேன்னு மாடில போட்டுக் காய வெக்காதீங்க, ரோல் கோணிக்கும், அதுவும் அனுபவம் தான். வட்டம் மூணா கொறஞ்சுது, அந்த மூணுக்கு எபாக்சி பசை பூசுனேன்.

மூணாவதுல தான் ஒரு வழியா ஒழுகாம கரண்ட் குடுத்து சாயத்தண்ணி ஓட விட்டேன். நேவி ப்ளூ. ரெண்டு மணி நேரம் ஓடுச்சு, குமிழ் வருது, நுரை வருது, வெளிய வர்ற தண்ணி என்னவோ உள்ள போன அதே நேவி ப்ளூ. பவர் சப்ளை 3 ஆம்ப் காட்டுது. எனக்கு ஒண்ணும் புரியல. சரின்னு தகட கழுவிக் காய வெச்சு எட போட்டேன், செவ்வாய்பேட்டைல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கற பிரெண்டு ஒருத்தன்கிட்ட வெள்ளி நிறுக்கற தராசு இருக்கு, 0.01 கிராம் வரைக்கும் காட்டும். ஃபாரடே கணக்குப்படி 2 கிராம் தான் கொறஞ்சிருக்கணும். கொறஞ்சிருந்தது 3.4. அதுலயும் மைனஸ் பக்கத்துத் தகடு, கணக்குப்படி கரையவே கூடாதது, அதுவும் ஒரு கிராமுக்கு மேல போயிருந்துச்சு. பிரெண்டு சிரிக்கறான், "என்னடா, வெள்ளிக்கடைல சேதாரம் போடற மாதிரி இருக்கு"ன்னு.

அந்த சேதாரத்துல தான் பதில் இருந்துச்சு. சாயத்தண்ணி பிஹெச் 10.8. (பிஹெச்சுங்கறது ஆசிட்டா காரமான்னு காட்டற அளவு, 7 நடு, அதுக்கு மேல காரம்.) சோடா ஆஷ் (சலவைச் சோடா) போட்ட தண்ணி, வேற எப்படி இருக்கும். அவ்வளவு காரத்துல அலுமினியம் கரண்டே இல்லாம தானாவும் கரையும், மைனஸ் தகட்டுக்குப் பக்கத்துல காரம் இன்னும் ஏறும், அதனால அதுவும் அரிச்சுரும். அப்படிக் கரைஞ்ச அலுமினியம் பஞ்சா திரளாம அலுமினேட்டா தண்ணிலயே நின்னுக்கும். திரண்டா தானே சாயத்த புடிக்கும். பிஹெச் 6-ல இருந்து 8-க்குள்ள இருந்தா தான் பஞ்சு கட்டும்.

ஆசிட் விட்டு எறக்கணும். பட்டறைல அசிட்டிக் ஆசிட் கேன் கேனா இருக்கு, சாயம் போட்ட நூல நியூட்ரல் பண்ண அதத்தான் ஊத்துவாங்க, நானும் அதையே ஊத்துனேன், பிஹெச் 7.5. இந்த தடவ முதல் பத்து நிமிஷத்துலயே மேல ஊதா நுரை ஒரு இன்ச் கட்டிருச்சு, கீழ வர்ற தண்ணி வெளிறிப் போன வைக்கோல் கலர்ல. மாடில நின்னு தனியா கத்துனேன்னு சொன்னா நம்புங்க. ஆனா சாம்பிள ஒரு லேப்ல குடுத்தப்ப சிஓடி, அதாவது தண்ணில இருக்கற அழுக்க சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற அளவு, கொறஞ்சதுக்குப் பதிலா லேசா ஏறியிருந்துச்சு. யோசிச்சா சரிதான், அசிட்டிக் ஆசிடே ஒரு ஆர்கானிக் சரக்கு, கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல ஆக்சிஜன் கேக்கும், அது பஞ்சுலயும் ஒட்டாது. கலர எடுத்துட்டு கண்ணுக்குத் தெரியாத அழுக்க நானே ஊத்தியிருக்கேன். அப்புறம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு மாறுனேன், நல்லா தண்ணி கலந்து, சொட்டுச் சொட்டா.

இதுக்கு நடுவுல என் புத்திசாலித்தனம் ஒண்ணு. டப்பாக்குள்ள பஞ்சு காஞ்சு பாறையா ஒட்டிக்கிச்சு, சுரண்டுனா வரல. அலுமினியம் ஹைட்ராக்சைடு காஸ்டிக் சோடால கரையும்னு தெரியும், பட்டறைல காஸ்டிக் இருக்கு, கரைச்சு ஊத்தி ராத்திரி முழுக்க விட்டேன். காலைல டப்பா பளிச்சுனு இருந்துச்சு, பஞ்சு இல்ல. ஆனா உள் சுவர் மேட் ஃபினிஷ் மாதிரி வெளுத்து, தகடு புடிக்கற பல்லு நகத்தால கிள்ளுனா தூளா வருது. மாமா அத வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இது என்ன சாமான் மாப்ள?"

"பிஇடிஜிங்க மாமா. தண்ணி பாட்டில் செய்யற பிளாஸ்டிக் குடும்பம்."

"அதாவது பாலியஸ்டரு."

"ஆமாங்க."

"பாலியஸ்டர் துணிய காஸ்டிக்ல போட்டு எட கொறைப்பாங்க, பட்டு மாதிரி குழைஞ்சு விழறதுக்கு. துணி அரிச்சு அரிச்சு லேசாகும். அதத்தான் நீ டப்பாக்குப் பண்ணிருக்க. என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?"

சொல்லிருப்பாரு. நான் தான் பிளாஸ்டிக் வேற, துணி வேறன்னு மண்டைல தனித்தனியா வெச்சிருந்தேன். பிஎல்ஏவும் பாலியஸ்டர் ஜாதி தான், அதுக்கும் காரம் ஆகாது. அன்னைக்கு மாமா பட்டறைல டீ குடிச்சுக்கிட்டு, இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தண்ணில கை வெச்ச மனுஷன்கிட்ட கேக்காம நெட்ல தேடிட்டு இருந்தது எவ்வளவு கூத்துன்னு நெனச்சேன்.

நாலாவது வெர்ஷன் ஆசைக்காகப் பண்ணது, ஒத்துக்கறேன். ஜைராய்டு. பிரிண்டர் வெச்சிருக்கற எல்லாருக்கும் இன்ஃபில் (பொருளுக்கு உள்ள நெரப்பற பின்னல்) லிஸ்ட்ல அந்தப் பேரு தெரியும், அலன் ஷோன்னு நாசால இருந்த ஒருத்தரு 1970-ல எழுதி வெச்ச வடிவம், எங்கயும் மூலையே இல்லாம வளைஞ்சு வளைஞ்சு போகும், கம்மி எடத்துல நெறைய பரப்பு கெடைக்கும். லேத்துலயோ மோல்டுலயோ இத செய்யறது ரொம்ப கஷ்டம், பிரிண்டர்னால சாதாரணம், அதனால ரியாக்டர் பிரிண்ட் பண்றவங்க எல்லாம் இத விரும்புவாங்க. தகடு தாண்டி வர்ற தண்ணி இதுக்குள்ள சுத்திச் சுத்தி வந்தா பஞ்சு நல்லா திரளும்னு நெனச்சு 4 மில்லிமீட்டர் ஓட்டையோட ஒரு கட்டை அடிச்சு வெச்சேன். திரண்டுச்சு. திரண்டு அங்கயே உக்காந்துக்கிச்சு. நாப்பது நிமிஷத்துல அடைச்சு தண்ணி மேல் பக்கமா வழிஞ்சு மாடியெல்லாம் நீலம். உள்ள பிரஷ் போகாது, குச்சி போகாது, காஸ்டிக்கும் இனி ஊத்த மாட்டேன். ரியாக்ஷன்ல சேறு வராத எடத்துக்கு, ரியாக்ஷன வேகமாக்கற கேட்டலிஸ்ட் பூசறதுக்கு, பாக்டீரியா வளக்கறதுக்கு ஜைராய்டு நல்ல சாமானா இருக்கலாம், அதுலயும் ஓட்டை பெருசா வெக்கணும். சேறு உண்டாக்கறதே வேலையா இருக்கற எடத்துல அத வெச்சது என் தப்பு. இப்ப அது டேபிள்ல பேனா ஸ்டாண்டு.

அஞ்சாவது பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக். காரம், ஆசிட், உப்பு எதுக்கும் அசராது. ஆனா பிரிண்ட் பண்றது நரகம். பிரிண்டர் பெட்ல (பொருள் மேல நின்னு வளர்ற பலகை) ஒட்டவே ஒட்டாது, அதுக்கு வழி பார்சல் ஒட்டற பேக்கிங் டேப், அதுவும் பாலிப்ரொப்பிலீன் தான், அத பெட் மேல சுருக்கமில்லாம ஒட்டுனா அதுல புடிச்சுக்கும். புடிச்சாலும் ஆறும்போது சுருங்கி மூலையெல்லாம் படகு மாதிரி தூக்கிக்கும். முழு டப்பா மூணு தடவ அடிச்சேன், மூணும் கோணல், மூணும் ஒழுகல்.

மூணாவது கோணல் டப்பாவ கைல வெச்சுக்கிட்டு ஹார்ட்வேர் கடைக்கு டேப் வாங்கப் போனேன், அங்க வாசல்ல நாலு இன்ச் பிவிசி பைப்பு சாத்தி வெச்சிருக்கான். ஒரு அடி துண்டு, மூடி ரெண்டு, சொல்யூஷன் டப்பா. ஒழுகாது. காரத்துக்கு அசராது. கோணாது. ஆறு மாசமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு அந்த வாசல்லயே நின்னு கொஞ்ச நேரம் பைப்ப பாத்துட்டு இருந்தேன்.

ஆக ஆறாவதுல வெளி உடம்பு பைப்பு, உள்ள மட்டும் பிரிண்ட். தகடு சதுரமா நிக்கணும், பைப்பு வட்டம், நடுவுல மிஞ்சற சந்து வழியா தண்ணி தகட தொடாமயே நழுவிப் போயிரும், அந்த சந்த அடைக்கற மாதிரி வெளிய வட்டம் உள்ள சீப்புன்னு ஒரு உருளை, பாலிப்ரொப்பிலீன்ல. இது எந்தக் கடைலயும் கெடைக்காது. லேசா கோணலா இருந்தாலும் உப்புக் காகிதம் போட்டுத் தேச்சா உள்ள எறங்கிரும், ஒழுகுனாலும் தண்ணிக்குள்ள தான் ஒழுகும், யாருக்கு என்ன.

அடுத்தது தண்ணி பிரிக்கற தட்டு, பிரிண்டர் காசுக்கு வேல செஞ்சது இங்க தான். தகடுகளுக்கு நடுவுல அரை லிட்டர் தண்ணி நிக்குது, மணிக்கு 10 லிட்டர்னா ஒரு சொட்டு உள்ள போயி வெளிய வர மூணு நிமிஷம் ஆகணும். நல்ல தண்ணிய ஓட விட்டு சிரிஞ்சுல துணி நீலம் கொஞ்சம் தட்டி விட்டுப் பாத்தா நாப்பதே செகண்டுல வெளிய நீலம். பைப்பு வாய் ஒரு ஓரத்துல இருக்கறதால தண்ணி பக்கத்துல இருக்கற ரெண்டு சந்துலயே ஓடிருது, மத்த அஞ்சுல தூங்குது. வாய்க்கு நேரா இருக்கற பிளவு சின்னதா, தள்ளிப் போகப் போகப் பெருசா, 1.6 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு 3 வரைக்கும் ஏழு பிளவோட ஒரு தட்டு வரைஞ்சேன். அடிக்க அம்பது நிமிஷம். மாட்டிப் பாத்தேன், ஒரு நிமிஷம் பத்து செகண்டு. பிளவ மாத்துனேன், திரும்ப அடிச்சேன், திரும்ப நீலம். சாயந்தரத்துக்குள்ள மூணு தட்டு, மூணாவதுல ரெண்டு நிமிஷம் தாண்டிருச்சு. லேத்துக் கடைல குடுத்திருந்தா ஒவ்வொண்ணுக்கும் நாலு நாள் "நாளைக்கு வாங்க தம்பி" கேட்டிருப்பேன்.

மூடிய முதல்ல இறுக்கமா போட்டேன், தப்பு. 3 ஆம்புக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் கிட்ட ஹைட்ரஜன் வருது, மூடி டப்புனு தெறிச்சுது, பக்கத்துல எந்தப் பொறியும் இல்லாம தப்பிச்சேன். இப்ப மூடில ஒரு ட்யூப் போட்டு ஷெட்டுக்கு வெளிய ஒசரத்துல விட்டிருக்கேன். பவர் சப்ளையும் ரிலேவும் தள்ளி இருக்கு. இத யாராச்சும் செய்யப் போறீங்கன்னா மத்தது எத விட்டாலும் இத விட்டுராதீங்க, ரூமுக்குள்ள வெக்காதீங்க.

ரிலே எதுக்குன்னா, இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவ ப்ளஸ் மைனஸ மாத்தி விடறதுக்கு. நம்ம போர் தண்ணி உப்புத் தண்ணி, கால்சியம் மெக்னீசியம் ரெண்டும் தாராளம், மைனஸ் தகட்டுல வெள்ளையா பொறுக்கு கட்டும். மாத்தி விட்டா அந்தப் பொறுக்கு உதிர்ந்துரும், தகடும் ரெண்டு பக்கமும் சமமா தேயும்.

ரிசல்ட்டு. கலர் போயிருது, சந்தேகமே இல்ல, வெள்ளை டைல்ஸ் மேல கிளாஸ வெச்சுப் பாத்தா லேசா மஞ்சள் ஓடுது அவ்வளவு தான். சிஓடி 1140-ல இருந்து 430-க்கு வந்துச்சு, வெளிய விடறதுக்கு 250 தான் லிமிட், அதனால இன்னும் வழில தான் நிக்கறேன். டிடிஎஸ்ல, அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவுல, ஒரு பைசா கொறையல, ஆசிட் ஊத்துனதால லேசா கூடவே இருக்கு. உப்ப எடுக்க ஆர்ஓ தான் வேணும், இந்த டப்பா அதுக்கு முன்னாடி நிக்கற ஆளு. கரண்டு ஆயிரம் லிட்டருக்கு முக்கால் யூனிட் கிட்ட, அது ஒண்ணுமே இல்ல. தொல்லை சேறு தான், ஒரு கிராம் அலுமினியம் போனா காஞ்ச கணக்குலயே 2.9 கிராம் ஹைட்ராக்சைடு, ஈரத்தோட அதப் போல பல மடங்கு, சாயம் புடிச்ச சேறுங்கறதால குப்பைல போட முடியாது, இப்போதைக்கு மூடி போட்ட பக்கெட்ல சேத்து வெச்சிருக்கேன்.

மாமா கேட்டது ஒரே கேள்வி தான். "இதுக்கு ஆலம் போட்டா ஆவாதா?" ஆலம்னா தண்ணி தெளியப் போடற அலுமினியம் சல்ஃபேட், நியாயமான கேள்வி. பக்கத்துல நாலு பாட்டில் வெச்சு போட்டுப் பாத்தேன், லிட்டருக்கு ஒண்ணேகால் கிராம் ஆலம் போட்டா அதே 100 மில்லிகிராம் அலுமினியம் வரும், கலரும் கிட்டத்தட்ட அதே அளவு தெளிஞ்சுது. வித்தியாசம் ஆலத்தோட சல்ஃபேட்டும் தண்ணில ஏறும், ஏற்கனவே உப்புல முழுகி நிக்கற மனுஷனுக்கு அது பெரிய விஷயம். அவரு பட்டறைல ஒரு நாளைக்கு 5000 லிட்டர் வருது, என் பைப்பு ராத்திரி பகல் ஓடுனாலும் 240 லிட்டர், அதச் சொன்னப்ப விரல்ல கணக்குப் போட்டு "இருவத்தோரு பைப்பா" ன்னு சிரிச்சாரு, ஆனா எடுத்துட்டுப் போன்னு சொல்லல.

இப்ப பைப்பு அவரு பட்டறைல தொட்டி ஓரத்துல சிமெண்ட் கல்லு மேல நிக்குது. போன வாரம் ஆறு இன்ச் பைப்பு துண்டு ஒண்ணு அவரே வாங்கிப் போட்டிருக்காரு, அதுக்கு உள்ள போற உருளை என் பெட்ல ஒரே துண்டா நிக்குது ஆனா அவ்வளவு பெருசு ஆறும்போது சுருங்கிக் கோணிக்கும், ரெண்டா பிரிச்சு வரையணும். பேக்கிங் டேப் ரெண்டு ரோல் வாங்கி வெச்சிருக்கேன்.